உடற்பயிற்சிக் கூட உறுப்பினர் ஒப்பந்தமும் நுகர்வோர் உரிமைகளும்

உடற்பயிற்சிக் கூட உறுப்பினர் ஒப்பந்தம் என்பது, குறிப்பிட்ட கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு, குறிப்பிட்ட காலத்துக்கு, உடற்பயிற்சிக் கூடம் ஒன்றின் கருவிகளையும் பயிற்சியாளரின் வழிகாட்டலையும் பயன்படுத்தும் உரிமையை ஒருவருக்கு அளிக்கும் ஒப்பந்தம் ஆகும். பேச்சு வழக்கில் இக்கூடங்கள் ஜிம் என அழைக்கப்படுகின்றன. சேவை தொடங்கும் முன்னரே பல மாதங்களுக்கான பணம் கட்டப்பட்டுவிடுவதால், உறுப்பினர் இடையில் விலக நேர்ந்தாலோ, கூடம் மூடப்பட்டாலோ, வாக்களித்த சேவை கிடைக்காவிட்டாலோ அப்பணம் யாருக்கு உரியது என்பதே இவ்வொப்பந்தத்தில் எழும் முதன்மையான சிக்கலாகும்.

இக்கட்டுரை இந்தியச் சட்டத்தின்படி நுகர்வோருக்கு உள்ள உரிமைகளை விளக்குகிறது. ஐக்கிய இராச்சியம், அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஆகியவற்றின் நிலை ஒப்பீட்டுக்காகத் தரப்பட்டுள்ளது.

ஒப்பந்தத்தின் இயல்பு

இவ்வொப்பந்தம் பெரும்பாலும் முன்கூட்டியே அச்சிடப்பட்ட படிவமாகவே உறுப்பினரிடம் தரப்படுகிறது. விதிகளை எழுதுவது கூடத்தின் உரிமையாளர் தரப்பு. சேருபவர் அவற்றை அப்படியே ஏற்கலாம், அல்லது சேராமல் இருக்கலாம். விதிகளைப் பேசி மாற்றும் வாய்ப்பு அவருக்கு அரிதாகவே கிடைக்கிறது. ஒரு தரப்பே வகுத்த இத்தகைய ஒப்பந்தங்களில் நலிந்த தரப்பைக் காப்பதற்கே நுகர்வோர் சட்டங்கள் தோன்றின.

மாதக் கட்டணத்தை விட ஆண்டுக் கட்டணத்தில் தள்ளுபடி அதிகம் என்பதால் பலர் ஆண்டுக் கட்டணத்தைத் தேர்கின்றனர். ஆனால் சேரும் நாளில் ஒருவருக்கு இருக்கும் ஊக்கம் சில வாரங்களில் குறைந்துவிடுவது இயல்பு. பொருளியலாளர்களான ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் ஆகியோர் அமெரிக்காவில் 3 உடற்பயிற்சிக் கூடங்களின் 7,752 உறுப்பினர்களைப் பற்றிய 3 ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்து 2006 இல் வெளியிட்ட ஆய்வு இதனை எண்களால் காட்டியது. மாதம் 70 டாலருக்கு மேல் கட்டணம் செலுத்தும் முறையைத் தேர்ந்தவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறை மட்டுமே கூடத்துக்கு வந்தனர். ஒரு வருகைக்கு அவர்களுக்கு ஆன செலவு 17 டாலருக்கும் அதிகம். 10 வருகைகளுக்கான சீட்டை வாங்கியிருந்தால் ஒரு வருகைக்கு 10 டாலரே ஆகியிருக்கும்.

தாம் எத்தனை நாள் வருவோம் என்பதைச் சேருபவர் மிகையாக மதிப்பிடுகிறார் என்பதே இவ்வாய்வின் சாரம். எனவே, இடையில் விலகுவது பற்றிய விதிகளை, தமக்கு அவை தேவைப்படாது என்று கருதி வாசிக்காமல் விடுவது நுகர்வோர் செய்யும் பொதுவான தவறாகும்.

சட்ட அடிப்படை

இந்தியாவில் உடற்பயிற்சிக் கூட உறுப்பினர் ஒப்பந்தங்களுக்கென நாடு முழுமைக்குமான தனிச் சட்டம் இல்லை. பின்வரும் இரு பொதுச் சட்டங்களே இவற்றுக்கு முதன்மையாகப் பொருந்துகின்றன.

* இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872: ஒப்பந்தம் எப்போது செல்லும், மீறினால் எவ்வளவு இழப்பீடு கோரலாம், நிறைவேற்ற இயலாமற்போனால் என்ன ஆகும் என்பவற்றை இது வரையறுக்கிறது.
* நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019: இது 1986 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்டது. இதன் பெரும்பாலான பிரிவுகள் 2020 சூலை 20 அன்று நடைமுறைக்கு வந்தன.

கட்டணம் செலுத்திச் சேவை பெறும் எவரும் இரண்டாவது சட்டத்தின்படி நுகர்வோர் ஆவார். பணம் கட்டியவரின் ஒப்புதலுடன் சேவையைப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே. எடுத்துக்காட்டாக, தந்தை பணம் கட்டி மகள் பயிற்சி பெற்றால், மகளும் முறையீடு செய்யலாம்.

1986 ஆம் ஆண்டுச் சட்டம் சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை ஆகியவற்றை எதிர்த்து முறையிட இடமளித்தது. 2019 ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றுடன் "நியாயமற்ற ஒப்பந்தம்" என்ற புதிய கருத்தையும் சேர்த்தது. கையெழுத்திட்டுவிட்டால் அனைத்தும் முடிந்துவிட்டது என்ற பரவலான எண்ணத்துக்கு இச்சேர்க்கை நேரடியான விடையாகும்.

நியாயமற்ற ஒப்பந்தம்

நுகர்வோரின் உரிமைகளில் கணிசமான மாற்றத்தை ஏற்படுத்தும் விதிகளைக் கொண்ட ஒப்பந்தத்தை நியாயமற்ற ஒப்பந்தம் எனச் சட்டத்தின் 2(46) ஆம் பிரிவு வரையறுத்து, 6 வகைகளை எடுத்துக்காட்டுகிறது. அவற்றுள் உடற்பயிற்சிக் கூடங்களுக்கு நெருக்கமானவை வருமாறு:

* வெளிப்படையாகவே மிகையான பிணை வைப்புத் தொகையைக் கேட்பது.
* ஒப்பந்த மீறலுக்கு, அதனால் ஏற்பட்ட இழப்புக்குச் சற்றும் பொருந்தாத தண்டத்தொகையை நுகர்வோர் மீது சுமத்துவது. எடுத்துக்காட்டாக, இரண்டாம் மாதத்தில் விலகுபவர் ஆண்டு முழுமைக்குமான கட்டணத்தை இழக்க வேண்டும் என்ற விதியை இதன்கீழ் எதிர்க்கலாம்.
* தகுந்த காரணமின்றி ஒரு தரப்பு மட்டும் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள இடமளிப்பது. "நிர்வாகம் எந்நேரமும் உறுப்பினரை நீக்கலாம், காரணம் கூறத் தேவையில்லை" என்பது இத்தகைய விதி.
* நுகர்வோரின் ஒப்புதல் இன்றி, அவருக்குப் பாதகமாக ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றித்தருவது. கூடம் கைமாறும்போது இது எழுகிறது.
* நுகர்வோரைப் பாதகமான நிலைக்குத் தள்ளும் நியாயமற்ற கட்டணம், கடமை அல்லது நிபந்தனையை விதிப்பது.

2019 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம், பயனியர் அர்பன் நிறுவனம் தொடர்பான அடுக்குமாடி வீட்டு வழக்கில், வாங்குபவருக்கு வேறு வழியின்றிக் கையெழுத்திட நேர்ந்த ஒருதலைப்பட்சமான விதிகள் அவரை இறுதியாகக் கட்டுப்படுத்தா என்று கூறியது. அவ்வழக்கு வீட்டு விற்பனை பற்றியது என்றாலும், ஒரு தரப்பு வகுக்கும் படிவ ஒப்பந்தங்கள் அனைத்துக்கும் அதன் தருக்கத்தை எடுத்துரைக்க இயலும்.

அடிக்கடி சிக்கலாகும் விதிகள்

"கட்டிய பணம் திருப்பித் தரப்படாது"

பற்றுச்சீட்டுகளில் மிகுதியாகக் காணப்படும் வாசகம் இதுவாகும். உறுப்பினர் தன் விருப்பத்தால் மட்டும் விலகும்போது இது ஓரளவு செல்லுபடியாகலாம். ஆனால் கூடத்தின் தரப்பில் குறைபாடு இருக்கும்போது இவ்வாசகம் அதனைக் காப்பாற்றாது. குறைபாடுள்ள சேவையை நிறுத்திக்கொண்டு, பற்றுச்சீட்டில் குறித்த காலத்துக்குள், அவ்வாறு குறிக்கப்படாவிடில் 30 நாட்களுக்குள், பணத்தைத் திருப்பித் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2(47) ஆம் பிரிவு கூறுகிறது. பற்றுச்சீட்டே தராமல் இருப்பதும் அதே பிரிவின்கீழ் வருகிறது.

"காயங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல"

உறுப்பினர் தன் கவனக்குறைவால் அடையும் காயத்துக்குக் கூடம் பொறுப்பாகாமல் இருக்கலாம். ஆனால் பழுதான கம்பிவடம், தளர்ந்த இருக்கை, பயிற்சியற்ற பயிற்றுநர் ஆகியவற்றால் நேரும் காயம் கூடத்தின் கவனக்குறைவால் விளைவதாகும். 2019 நவம்பரில், தாஜ் மகால் விடுதியில் நிறுத்துவதற்கு ஒப்படைக்கப்பட்ட மகிழுந்து திருடப்பட்ட வழக்கில், "உரிமையாளரின் பொறுப்பில்" என்று சீட்டில் அச்சிட்டிருந்தாலும், தன் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து விடுதி ஒப்பந்தத்தின் மூலம் விலகிக்கொள்ள இயலாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

"பிணக்குகளை நடுவரே தீர்ப்பார்"

பிணக்கு எழுந்தால் நிறுவனம் குறிப்பிடும் நகரில் நடுவர் முன் செல்ல வேண்டும் என்று சில ஒப்பந்தங்கள் கூறுகின்றன. இத்தகைய விதி நுகர்வோர் ஆணையத்தை நாடுவதைத் தடுக்காது என்பதை 2018 திசம்பரில் எம்மார் எம்ஜிஎஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. முறையிடுபவர் தாம் வசிக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்திலேயே முறையீடு செய்யலாம் என்பதும் 2019 ஆம் ஆண்டுச் சட்டம் அளித்த புதிய வசதியாகும்.

"30 நாட்களில் எடை குறையும்"

எடைக் குறைப்புப் பற்றிய மிகையான வாக்குறுதிகள் தவறாக வழிநடத்தும் விளம்பரங்கள் ஆகலாம். இவற்றின் மீது நடவடிக்கை எடுக்க 2020 சூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நிறுவப்பட்டது. இவ்வாணையம் 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் தவறு செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையிலும் தண்டம் விதிக்கலாம்.

பணம் திரும்பப் பெறும் சூழல்கள்

உறுப்பினர் விலகும் காரணத்தைப் பொறுத்து அவருடைய கோரிக்கையின் வலிமை மாறுபடும்.

1. கூடத்தின் குறைபாடு: வாக்களித்த கருவிகளோ பயிற்சியாளரோ நேரமோ இல்லாமை. இங்கு உறுப்பினரின் நிலை வலுவானது. எஞ்சிய காலத்துக்கான பணத்துடன் இழப்பீடும் கோரலாம்.
2. கூடம் நிரந்தரமாக மூடப்படுதல்: தரப்படாத சேவைக்கான பணத்தை வைத்துக்கொள்ளக் கூடத்துக்கு உரிமை இல்லை. நிறைவேற்ற இயலாமற்போய் ஒப்பந்தம் செல்லாததானால், பெற்ற பயனைத் திருப்பித் தர வேண்டும் என ஒப்பந்தச் சட்டத்தின் 65 ஆம் பிரிவு கூறுகிறது.
3. உடல்நலக் குறைவு அல்லது ஊர் மாற்றம்: ஒப்பந்தத்தில் இதற்கென விதி இருந்தால் அதுவே பொருந்தும். இல்லையெனில், முழுப் பணத்தையும் கூடம் வைத்துக்கொள்வது ஏற்பட்ட இழப்புக்குப் பொருந்துமா என்ற கேள்வி எழும்.
4. மன மாற்றம்: இங்கு உறுப்பினரின் நிலை மிகவும் நலிந்தது. ஒப்பந்தமிட்ட பின் சில நாட்களுக்குள் காரணமின்றி விலகும் உரிமையை இந்தியச் சட்டம் உடற்பயிற்சிக் கூட உறுப்பினர்களுக்குத் தரவில்லை.

மூன்றாவது சூழலை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒருவர் ஆண்டுக் கட்டணமாக 18,000 ரூபாய் கட்டி, 3 மாதம் பயிற்சி பெற்றபின் வேறு ஊருக்குப் பணிமாற்றம் பெறுகிறார் எனக் கொள்வோம். ஆண்டுக் கட்டணத்தை மாதங்களாகப் பிரித்தால் அவர் பயன்படுத்தியது 4,500 ரூபாய்; மீதி 13,500 ரூபாய். ஆனால் ஆண்டுக் கட்டணத்தில் தள்ளுபடி அடங்கியுள்ளது என்று கூடம் வாதிடலாம். தள்ளுபடி இல்லாத மாதக் கட்டணம் 2,500 ரூபாய் எனில், 3 மாதத்துக்கு 7,500 ரூபாய் கழித்து 10,500 ரூபாய் தர வேண்டியிருக்கும். இவ்விரு கணக்குகளுக்கும் நியாயம் உண்டு. 18,000 ரூபாயையும் வைத்துக்கொள்வதற்கே நியாயம் காட்டுவது கடினம். ஒப்பந்தத்தில் தண்டத்தொகை எவ்வளவு குறிக்கப்பட்டிருந்தாலும், அதற்கு மிகாத நியாயமான இழப்பீட்டை மட்டுமே பெறலாம் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 74 ஆம் பிரிவு கூறுவது இங்கு கருதத்தக்கது. சட்டம் இதற்கென வாய்பாடு எதனையும் வகுக்கவில்லை. ஆணையம் ஒவ்வொரு வழக்கின் தன்மையையும் நோக்கி முடிவு செய்யும்.

கொரோனா பெருந்தொற்றின்போது 2020 மார்ச்சில் தொடங்கிய ஊரடங்கில் நாடெங்கும் உடற்பயிற்சிக் கூடங்கள் மூடப்பட்டன. அவற்றைத் திறக்க அவ்வாண்டு ஆகத்து 5 முதல் நடுவண் அரசு இசைவளித்தது. இவ்வாறு எந்தத் தரப்பின் தவறுமின்றிச் சேவை தடைப்படும்போது உறுப்பினர் காலம் நீட்டிக்கப்படுமா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வதன் தேவையை அந்நிகழ்வு உணர்த்தியது.

தானியங்கிக் கட்டணமும் தவணைக் கடனும்

மாதந்தோறும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே கட்டணம் எடுக்கப்படும் முறை சில கூடங்களில் உள்ளது. இந்திய ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, அட்டை, யுபிஐ ஆகியவற்றின் வழியான இத்தகைய கட்டணத்துக்குப் பணம் எடுக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு வர வேண்டும். தாம் அளித்த இசைவை வாடிக்கையாளர் திரும்பப் பெறவும் இயலும். எனினும் வங்கியில் இசைவை நிறுத்துவது மட்டும் போதாது. ஒப்பந்தத்தை முடிப்பதாகக் கூடத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இல்லையெனில் நிலுவை சேர்வதாகக் கூடம் உரிமை கோரலாம். முன்னர்க் குறிப்பிட்ட அமெரிக்க ஆய்வில், மாதக் கட்டண உறுப்பினர்கள் கடைசியாக வந்த நாளுக்கும் விலகிய நாளுக்கும் இடையே சராசரியாக 2 மாதத்துக்கு மேற்பட்ட இடைவெளி காணப்பட்டது. வராத அக்காலத்துக்கும் அவர்கள் பணம் செலுத்தினர்.

விலகுவதை வேண்டுமென்றே கடினமாக்கும் இணையவழி உத்தி சந்தாப் பொறி எனப்படுகிறது. 2023 நவம்பர் 30 அன்று அறிவிக்கப்பட்ட வழிகாட்டு நெறிகள் தடைசெய்த 13 ஏமாற்று வடிவமைப்பு உத்திகளுள் இதுவும் ஒன்றாகும்.

ஆண்டுக் கட்டணத்தைத் தவணையில் செலுத்தும் வசதி வேறு வகையானது. இதில் பெரும்பாலும் கடன் நிறுவனம் ஒன்று முழுத் தொகையையும் கூடத்துக்கு உடனே செலுத்திவிடுகிறது. உறுப்பினர் அக்கடன் நிறுவனத்துக்குக் கடனாளி ஆகிறார். அதாவது, அவர் கையெழுத்திடுவது இரண்டு ஒப்பந்தங்களில். கூடம் மூடப்பட்டாலும் கடன் தவணை தானாக நின்றுவிடாது. எண்முறைக் கடன்களுக்கு மட்டும் குறைந்தது ஒரு நாள் மறுசிந்தனைக் காலம் தரப்பட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதியாகும். அக்காலத்துக்குள் முதலையும் அந்நாட்களுக்குரிய செலவையும் செலுத்திக் கடனிலிருந்து விலகலாம்.

பிற நாடுகளில்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உடற்பயிற்சிக் கூடங்களுக்கெனத் தனிச் சட்டம் உள்ளது. அதன்படி, ஒப்பந்தப் படி கிடைத்த 3 நாட்களுக்குள் காரணமின்றி விலகலாம். ஒப்பந்தக் காலம் 36 மாதங்களைத் தாண்டக் கூடாது. மருத்துவர் சான்றின்படி 6 மாதத்துக்கு மேல் பயிற்சி பெற இயலாதவரும், கூடத்திலிருந்து 25 மைலுக்கு அப்பால் குடிபெயர்பவரும் விலகும் உரிமை பெறுகின்றனர்.

ஐக்கிய இராச்சியத்தில் இத்துறையைப் பற்றிய முதன்மையான தீர்ப்பு 2011 மே மாதத்தில் வெளியானது. பல கூடங்களுக்கு ஒப்பந்தப் படிவங்களை வகுத்துக் கட்டணம் வசூலித்துத் தந்த ஆஷ்போர்ன் நிறுவனத்துக்கு எதிராக நியாய வணிக அலுவலகம் தொடுத்த அவ்வழக்கில், இடையில் விலக வழியின்றி 12 மாதத்துக்கு மேல் உறுப்பினரைக் கட்டிப்போடும் விதிகள் நியாயமற்றவை என இங்கிலாந்து உயர் நீதிமன்றம் கூறியது. சராசரி நுகர்வோர் தாம் கூடத்தைப் பயன்படுத்தப்போகும் அளவை மிகையாக மதிப்பிடுகிறார் என்பதையும், அவ்வணிக முறை அவருடைய அனுபவமின்மையைப் பயன்படுத்திக்கொள்கிறது என்பதையும் நீதிமன்றம் கருத்தில் கொண்டது.

முன்பணம் கட்டியவரின் இடரைச் சிங்கப்பூரில் 2016 சூலையில் நிகழ்ந்த கலிபோர்னியா ஃபிட்னஸ் கூடங்களின் மூடலும் காட்டியது. நொடித்த நிறுவனத்திடம் உறுப்பினர் பிணையற்ற கடனீந்தோர் ஆகிவிடுகிறார். அந்நிலையில் உரிமை இருந்தும் பணம் கிடைப்பது அரிது.

கையெழுத்திடும் முன் கவனிக்க வேண்டியவை

இந்தியாவில் மறுசிந்தனைக் காலம் இல்லாமையால், நுகர்வோருக்குள்ள மிகச் சிறந்த பாதுகாப்புக் கையெழுத்துக்கு முந்தைய நேரமே ஆகும்.

* விதிகளின் முழுப் படியைக் கேட்டு வீட்டுக்கு எடுத்துச் சென்று வாசித்தல். "இன்று மட்டும் தள்ளுபடி" என்ற அவசரம் இதற்குத் தடையாகக் கூடாது.
* ஆண்டுக் கட்டணத்துக்கு முன் ஒரு மாதம் அல்லது சில நாள் பயிற்சி பெற்றுப் பார்த்தல்.
* விலகல், இடைநிறுத்தம், பிறருக்கு மாற்றித்தருதல், கூடம் இடம் மாறுதல் ஆகியவற்றுக்கான விதிகள் எழுத்தில் உள்ளனவா எனப் பார்த்தல்.
* வாய்மொழி வாக்குறுதிகளைப் படிவத்திலேயே எழுதச் செய்து, மேலாளரின் கையொப்பம் பெறுதல்.
* சேர்க்கைக் கட்டணம், தனிப் பயிற்சியாளர் கட்டணம், வரி ஆகியவை தனித்தனியே காட்டப்பட்ட பற்றுச்சீட்டைப் பெறுதல். உடற்பயிற்சிக் கூடச் சேவைக்கு 18 விழுக்காடாக இருந்த சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.
* பணத்தைத் தனியாள் கணக்கில் செலுத்தாது, நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்கில் செலுத்துதல்.

முறையிடும் வழிகள்

முதற்படியாக, குறையையும் கோரும் தொகையையும் தெளிவாகக் குறிப்பிட்டுக் கூடத்துக்குப் பதிவு அஞ்சல் அல்லது மின்னஞ்சல் வழியாக எழுத வேண்டும். விடை கிடைக்காவிடில் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். வழக்குத் தொடராமலேயே நிறுவனத்துடன் பேசித் தீர்வு காண இம்மையம் முயல்கிறது.

அடுத்த படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் ஆகும். செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட முறையீடுகள் இங்கு ஏற்கப்படுகின்றன. தொகை 5 லட்சம் ரூபாய் வரை எனில் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இன்றித் தாமே வாதிடலாம். 2020 முதல் இ-தாக்கில் தளத்தின் வழியாக இணையத்தில் முறையிடும் வசதி இருந்தது. 2025 சனவரி 1 அன்று தொடங்கப்பட்ட இ-ஜாக்ரிதி தளம் இப்போது அப்பணியைச் செய்கிறது. குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும்.

இங்கு ஒரு வேறுபாட்டை அறிந்திருத்தல் நலம். சேவைக் குறைபாட்டுக்காகப் பணத்தைத் திருப்பித் தருமாறு மாவட்ட ஆணையம் ஆணையிடலாம். ஆனால் ஒப்பந்தத்தின் விதி நியாயமற்றது, எனவே செல்லாது என அறிவிக்கும் அதிகாரத்தைச் சட்டம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்குமே அளித்துள்ளது. தொகை சிறியதாயினும், விதியையே எதிர்ப்பவர் மாநில ஆணையத்தை நாட வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்காகத் தலைநகர் வரை செல்வது எளிதன்று. ஆகவே, பலரும் குறைபாடு என்ற அடிப்படையிலேயே மாவட்ட ஆணையத்தில் முறையிடுதல் நடைமுறைக்கு ஏற்றதாக உள்ளது.

ஒரே கூடத்தால் பாதிக்கப்பட்ட பலர் ஆணையத்தின் இசைவுடன் கூட்டாக முறையிடவும் சட்டம் இடமளிக்கிறது. கூடம் திடீரென மூடப்படும் சூழல்களில் இவ்வழி பயன் தரும். தனியாகவோ கூட்டாகவோ, எவ்வழியை நாடினாலும் முறையீட்டின் வலிமை சான்றுகளையே சார்ந்துள்ளது. ஒப்பந்தப் படி, பற்றுச்சீட்டு, விளம்பரத் தாள், குறுஞ்செய்திகள், வருகைப் பதிவு ஆகியவற்றை உறுப்பினர் காலம் முடியும் வரையிலும், அதன்பின் 2 ஆண்டுகள் வரையிலும் பாதுகாத்து வைத்தல் வேண்டும்.